கொல்லையில் சாரை: அடிப்பதா, விடுவதா, தொடுவதா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் சில மாதங்களாக ஒரு சாரைப்பாம்பு நடமாடுகிறது. விறகு அடுக்குக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் இடையே பகலிலேயே கண்ணில் படும். ஆளைக் கண்டால் ஓடிவிடும். "சாரை இருக்கிற இடத்துக்கு நல்லபாம்பு ஜோடி தேடி வரும், அடித்துப் போட்டுவிடலாம்" என்கிறார் கணவர். "அடித்தால் பழிவாங்கும், வேண்டாம். ஆனால் மாட்டு மடியில் பால் குடிக்கும்" என்கிறார் மாமியார். வீடியோவில் பாம்பைக் கையில் பிடிப்பவர்களைப் பார்த்துவிட்டு, "பாம்பு ரொம்ப சாது, நானும் தொட்டுப் பார்க்கிறேன்" என்கிறான் ஒன்பது வயது மகன். கோழிகளும் வளர்க்கிறோம். யார் சொல்வது சரி? பூண்டு, வேப்பெண்ணெய் தெளித்தால் பாம்பு வராதா?

பதில்: மூவர் சொன்னதில் "அடிக்க வேண்டாம்" என்ற மாமியாரின் முடிவு சரி, அதற்கு அவர் சொல்லும் காரணம் தவறு. மகன் சொல்வது பாதி உண்மை. பாம்பு விஷயத்தில் முழுப் பொய்யைவிடப் பாதி உண்மைதான் ஆபத்து என்பதால் அதற்குக் கொஞ்சம் விரிவாகப் பிறகு வருகிறேன்.

முதலில் அது சாரைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். படம் எடுக்காமல் போகும் நல்லபாம்பும் சாரையும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். இரண்டுக்கும் பழுப்பு நிறம், ஏறக்குறைய ஒரே தடிமன். மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று, போனில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பாருங்கள். சாரைக்குக் கண் பெரியது, பாவை வட்டமானது. மேலுதட்டிலும் கீழுதட்டிலும் செதில்களின் ஓரத்தில் மையால் கோடு இழுத்ததுபோலக் கறுப்புக் கோடுகள் செங்குத்தாக இருக்கும். கழுத்து தலையைவிட ஒல்லியாகத் தனித்துத் தெரியும். உடலின் பின்பாதியிலும் வாலிலும் கறுப்புக் குறுக்குப் பட்டைகள் வலைபோலப் படர்ந்திருக்கும். நல்லபாம்புக்குத் தலையும் கழுத்தும் ஏறத்தாழ ஒரே அகலம், பின்னுடலில் அந்த வலைப்பட்டை கிடையாது, ஓட்டமும் சாரையளவு வேகமில்லை. ஒரு எச்சரிக்கை: ஓட வழியில்லாமல் மாட்டிக்கொண்ட சாரை கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி, உயரவாக்கில் பெரிதாகக் காட்டி, அடித்தொண்டையில் உறுமும். இதைப் படம் எடுப்பதாக நினைத்து அடித்துக் கொல்லப்பட்ட சாரைகள் ஏராளம். நல்லபாம்பின் படம் இடவலமாக அகலமாக விரியும். சாரையின் கழுத்து மேல்கீழாக மட்டுமே பெரிதாகும்.

"தலை முக்கோணமாக இருந்தால் விஷம்" என்பதை நம்பி முடிவு செய்யாதீர்கள். நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் முக்கோணத் தலை கிடையாது. விஷமில்லாத தண்ணீர்ப்பாம்பு பயந்தால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் விஷப்பாம்பாகவே வைத்துக்கொண்டு விலகி நிற்பதுதான் முறை.

இப்போது கணவரின் வாதம். சாரையும் நல்லபாம்பும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை, ஒன்றோடொன்று இணையாது. சாரையில் ஆண் பெண் இரண்டும் உண்டு, நல்லபாம்பிலும் அப்படியே. "சாரையும் நாகமும் பிணைந்து ஆடின" என்று பார்த்தவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. முன்னுடலைத் தூக்கி, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, எதிராளியின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும். கடித்துக்கொள்ளாது, தோற்றது நழுவிப் போய்விடும். உண்மையான இணைசேர்க்கை தரையோடு தரையாக, பார்ப்பதற்குச் சுவாரசியமே இல்லாமல் நடக்கும். அதனால்தானோ என்னவோ அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

நல்லபாம்பு உங்கள் கொல்லைக்கு வரலாம், அது வேறு விஷயம். எலி, தவளை, தேரை இருக்கும் இடத்துக்குச் சாரையும் வரும், நல்லபாம்பும் வரும், எலியைத் தேடிக் கண்ணாடிவிரியனும் வரும். சாரையை அடித்தால் எலி அப்படியே இருக்கும். அதைத் தின்ன அடுத்து வருவது எது என்பது உங்கள் கையில் இல்லை. அதேபோல "சாரை இருந்தால் நல்லபாம்பு அண்டாது" என்று ஆறுதல் சொல்பவர்களையும் நம்பவேண்டாம். சாரை காவல்காரன் இல்லை. எலியைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி.

பழிவாங்கல். ஒரு ஆளின் முகத்தை நினைவில் வைத்து, நாள் கழித்துத் தேடி வருவதற்கான மூளையமைப்பு பாம்புக்கு இல்லை. பிறகு ஏன் ஒன்றை அடித்த இடத்தில் இன்னொன்று வருகிறது? ஒன்று, மேலே சொன்ன எலியும் பொந்தும் அங்கேயே இருக்கின்றன. இன்னொன்று வாசனை. அடிபடும் பாம்பு வால் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து நாற்றமுள்ள திரவத்தைப் பீய்ச்சும். இனப்பெருக்கக் காலத்தில் பெண் பாம்பு போன தடத்தில் ஆண் பாம்பு நாக்கால் மோப்பம் பிடித்துக்கொண்டே வரும். அடிபட்டது பெண்ணாக இருந்தால் ஆண் அந்த இடத்துக்கே வந்து சேரக்கூடும். தேடி வருவது இணையை, உங்களை அல்ல. கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்ற கதையும் இந்த ரகம்தான். அது பல்லி, ஓணான், தவளை பிடித்துத் தின்னும், மனிதனுக்கு விஷமில்லாத மரப்பாம்பு.

பால் விஷயத்தில் பாம்பின் வாயை நினைத்துப் பார்த்தாலே போதும். உறிஞ்சுவதற்குச் சதைப்பற்றுள்ள உதடு வேண்டும், கன்னம் வேண்டும். பாம்புக்கு இரண்டும் இல்லை. இருப்பதெல்லாம் தொண்டைப் பக்கம் வளைந்த ஊசிப்பற்கள். அந்த வாய் காம்பைக் கவ்வினால் காம்பு கிழியும், மாடு ஒரு நொடி பொறுக்காது. தொழுவத்தில் சாரை தென்படக் காரணம் தவிடு, புண்ணாக்கு மூட்டையைச் சுற்றும் எலி. பால் திடீரென்று குறைந்தாலோ, காம்பில் காயம் தெரிந்தாலோ, கால்நடை மருத்துவரை அழைத்து மடிநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழியைப் பாம்பின் மேல் போட்டுவிட்டால் நோய் முற்றிவிடும். பாம்பாட்டியிடம் இருக்கும் பாம்பு பால் குடிப்பது, நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த தாகத்தில். ஊர்வன பாலைச் செரிக்காது. மூச்சுக்குழலில் போனால் பாம்பு செத்துப்போகும். மகுடிக்கு ஆடுவதும் இசைக்காக இல்லை, முகத்துக்கு முன்னால் அசையும் குழலைக் குறிபார்த்து அசைகிறது. பாம்புக்கு வெளிக்காது இல்லாவிட்டாலும் முழுச் செவிடு அல்ல. தரையதிர்வைத் தாடையெலும்பு வழியாக உள்காது உணரும், தாழ்ந்த ஒலியும் ஓரளவு கேட்கும்.

மகன் சொன்ன "சாது". பாம்பு வலியப் போய் மனிதனைக் கடிப்பதில்லை என்பது உண்மை. விஷம் அதற்கு இரையைச் சாய்க்க உதவும் முதலீடு. விழுங்க முடியாத ஒன்றின் மேல் அதைச் செலவழித்தால் மறுபடி ஊறும்வரை வேட்டைக்குக் குறைவு. அதனால்தான் நல்லபாம்பு முதலில் படம் எடுக்கிறது, சீறுகிறது, வாயை மூடிக்கொண்டே பொய்க் கொத்து கொத்துகிறது. பல்லைப் பதிப்பது கடைசியில். "துரத்தியது" என்று சொல்லப்படும் நிகழ்வுகளில் பெரும்பாலும் பாம்பின் பொந்து அந்த ஆளுக்குப் பின்னால் இருந்திருக்கும்.

ஆனால் இது அச்சம், சாந்தம் அல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கையால் தூக்கும்போது தெரியும். உங்கள் சாரை ஆளைக் கண்டதும் ஓடுகிறதே, அதே சாரையைப் பிடித்தால் ஆவேசமாகத் திரும்பத் திரும்பக் கடிக்கும். விஷம் இல்லை, ஆனாலும் பின்னோக்கி வளைந்த பல் என்பதால் கையை வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழிந்து ரத்தம் கொட்டும். வளர்ப்புப் பிராணிபோலப் பழக்கப்படுவதும் அன்பு காட்டுவதும் பாம்பிடம் இல்லை. தினமும் பார்ப்பதால் உங்கள் குடும்பத்தை அதற்குத் தெரியும் என்று நினைக்கவேண்டாம்.

கட்டுவிரியனைப் பார்த்தால் இந்த "சாது" பட்டம் எவ்வளவு ஆபத்தானது என்று புரியும். பகலில் அது சுருண்டு கிடக்கும், சீண்டினாலும் தலையை உடலுக்கடியில் ஒளித்துக்கொள்ளும், எளிதில் கடிக்காது. கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக. பார்க்க அழகாக இருப்பதால் பிள்ளைகள் கையில் எடுத்துவிடுவார்கள். இரவில் அதே பாம்பு வேறு மாதிரி. இரை தேடி வீட்டுக்குள் ஊர்ந்து, தரையில் படுத்திருப்பவர் புரண்டு அழுத்தினால் கடித்துவிடும். கடி வலிக்காது, பல்தடம் பெரும்பாலும் தெரியாது, வீக்கம் இருக்காது. இதேபோல வெள்ளைப் பட்டையுள்ள, விஷமற்ற ஓநாய்ப்பாம்பும் வீட்டுக்குள் வரும். பட்டை கழுத்திலேயே தொடங்கி வாலை நோக்கி மங்கினால் ஓநாய்ப்பாம்பு. கழுத்தைத் தாண்டித் தொடங்கி வால்வரை தெளிவாக இருந்தால் கட்டுவிரியன். முதுகு நடுவில் பெரிய அறுகோணச் செதில் வரிசை கட்டுவிரியனுக்கு மட்டும் உண்டு. ஆனால் அதைப் பார்க்கும் அளவுக்கு நீங்கள் நெருங்கிப் போகவே கூடாது. கண்ணாடிவிரியனின் பிரச்சினை வேறு. நிறத்தை நம்பி அசையாமல் கிடக்கும், பிரஷர் குக்கர் விசில்போலச் சீறும், ஆனால் ஓடாது. அசையாததை மிதித்துவிடுவதால்தான் கடி.

ஆகவே மகனுக்குச் சொல்ல வேண்டியது: பாம்பு கெட்டதும் இல்லை, நண்பனும் இல்லை, பார்க்கலாம், தொடக் கூடாது. பாம்பு தெரிந்தால் நின்ற இடத்தில் நின்று, மெல்லப் பின்னால் நகர்ந்து, பெரியவரைக் கூப்பிட வேண்டும். கல் எறிவது, குச்சியால் குத்துவது கூடாது. செத்த பாம்பையும் தொடக் கூடாது. வெட்டுப்பட்ட தலை சிறிது நேரம்வரை அனிச்சையாகக் கடிக்கும். வீடியோவில் வெறுங்கையால் பிடிப்பவர்களைப் பற்றிக் கேட்டால், தேர்ந்தவர் கொக்கியும் குழாயும் பையும் வைத்துக்கொண்டு உடலைத் தொடாமல் பிடிப்பார், கேமராவுக்குக் காட்டமாட்டார் என்று சொல்லுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி பாம்பைக் கொல்வதும் பிடித்து வைத்துக்கொள்வதும் குற்றம். இது கணவருக்கும் தெரியட்டும்.

பூண்டு, வேப்பெண்ணெய், பினாயில், சிறியாநங்கைச் செடி எதுவும் பாம்பைத் தடுக்காது. பொந்தில் மண்ணெண்ணெயோ பிளீச்சிங் பவுடரோ ஊற்றினால் பாம்பு வெந்து சாகும், அல்லது பதறி வெளியே வந்து வீட்டுக்குள் பாயும். எலிப்பாஷாணமும் வேண்டாம். தின்ற எலி தடுமாறும்போது அதைச் சாரை விழுங்கும். கோழியும் பூனையும் கொத்தும், கடிக்கும்.

செய்ய வேண்டியது எலிக்கும் பொந்துக்கும் எதிரான வேலை. தவிடு, புண்ணாக்கு, கோழித்தீவனம் மூன்றையும் மூடியுள்ள தகரப் பீப்பாயில் போடுங்கள். சாக்கை எலி ஒரே இரவில் ஓட்டை போடும். கோழிக்கு வைத்த தீவனத்தில் மிச்சத்தை மாலையில் எடுத்துவிடுங்கள். விறகை வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது ஐந்தடி தள்ளி, செங்கல் மேல் ஒரு அடி உயரத்தில் அடுக்குங்கள். அடியில் வெளிச்சம் தெரிய வேண்டும். விறகு எடுக்கும்போது குச்சியால் ஒருமுறை தட்டிவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள், இடுக்கில் கைவிடாதீர்கள். உடைந்த ஓடு, தென்னைமட்டைக் குவியல் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். கதவடி இடைவெளி ஒரு சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ரப்பர் பட்டை அடியுங்கள். தண்ணீர் போகும் துவாரத்துக்கு 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை போடுங்கள்; குஞ்சுப்பாம்பு பென்சில் கனம்தான் இருக்கும், பெரிய கண் வலையில் எளிதாக நுழையும். கோழிக்கூண்டுக்கும் அதே வலை. சாரை குஞ்சை விழுங்கும், முட்டையையும் எடுக்கும். கூண்டின் அடிப்பக்கம் வலையை மண்ணுக்குள் அரையடி புதைத்தால்தான் எலித்துளை வழியாக நுழையாது.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். கோழியைக் காக்க நைலான் மீன்வலையைக் கட்டாதீர்கள். சாரை தலையை நுழைத்தபின் முன்னேறவும் முடியாது, செதில் சிக்குவதால் பின்வாங்கவும் முடியாது. நைலான் நூல் சதைக்குள் இறங்கி, வெயிலில் பாம்பு சில மணி நேரத்தில் செத்துவிடும். விஷப்பாம்பு சிக்கினால் அறுத்துவிடப் போகும் ஆளுக்கு ஆபத்து.

இருட்டில் கொல்லைக்குப் போனால் டார்ச்சும் மூடிய செருப்பும் கட்டாயம். வாசலில் கழற்றிய ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். தரையில் படுப்பவர் உண்டென்றால் கட்டில், கொசுவலை. வலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். கட்டுவிரியன் கடிக்கு எதிராக இதைவிட மலிவான காப்பு இல்லை.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால், பிள்ளைகளையும் நாயையும் வெளியே அனுப்பிவிட்டு, அறையின் உள்கதவைச் சாத்தி அடியில் ஈரத்துண்டைத் திணியுங்கள். வெளிக்கதவு இருந்தால் திறந்து வையுங்கள். பெரும்பாலும் அதுவே போய்விடும். ஒருவர் தூரத்திலிருந்து கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்மறைந்த பாம்பைத் தேடுவதுதான் கஷ்டம். 112ஐ அழைத்தோ, தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ நேராக அழைத்தோ சொல்லுங்கள். பிடித்தவர் வெகுதூரக் காட்டில் விடுவதைவிடப் பக்கத்திலேயே ஆள்நடமாட்டமற்ற இடத்தில் விடுவது பாம்புக்கு நல்லது. அறியாத இடத்தில் விடப்பட்டால் வளை தேடி அலைந்தே பல மடிகின்றன. கொல்லையில் உள்ள சாரையை அப்புறப்படுத்தவே தேவையில்லை.

கடித்துவிட்டால்? சாரைதான் என்று நீங்களே பார்த்திருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். அடையாளம் தவறினால் உயிர் போகும். காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுவது சாரைக்கடிக்குப் பொருந்தும். எது கடித்தது என்று தெரியாதபோது தேய்க்காமல், கீறாமல், உறிஞ்சாமல் விடுங்கள். மோதிரம், வளையல், கொலுசு உடனே கழற்றுங்கள், வீங்கினால் எடுக்க முடியாது. கயிறு கட்டாதீர்கள், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடியில் விஷம் ஒரே இடத்தில் தேங்கிச் சதையை அழுகச் செய்யும், அவிழ்த்ததும் மொத்தமாகப் பரவும். எலும்பு முறிந்தால் கட்டுவதைப்போல அட்டையோ மூங்கிலோ வைத்துக் கை காலை அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் 108இல் ஏற்றுங்கள். கடித்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவேண்டாம். எட்ட நின்று எடுத்த படம் போதும், அதுவும் கிடைத்தால்தான்.

மருத்துவமனையில் புதிய ரத்தம் சிறிது கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லையென்றால் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் பொதுவானது. அதனால் பாம்பின் பெயர் தெரியாவிட்டாலும் சிகிச்சை நிற்காது. குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே. ஏனென்றால் பாம்பு ஆள் எடையைப் பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. "குழந்தைக்கு இவ்வளவு பாட்டிலா" என்று தடுக்காதீர்கள். "இரண்டு புள்ளி இல்லை, அதனால் விஷமில்லை" என்ற கணக்கும் செல்லாது. ஒற்றைக் கீறலிலும் விஷம் இறங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்கவேண்டும். விடிகாலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு எழுந்தவருக்கு இமை தொங்கினால், பேச்சு குழறினால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் கட்டுவிரியன் கடி என்றே எண்ணி ஓடுங்கள். 2000 முதல் 2019 வரையிலான மதிப்பீட்டின்படி இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள். மந்திரிப்பவரிடமும் பச்சிலையிலும் கழிந்த மணிகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

கடைசியாக, விறகடியிலோ எருக்குழியிலோ வெள்ளையாக, ஓடு கெட்டியில்லாமல் தோல்போன்ற முட்டைகள் கண்ணில் பட்டால் உடைக்காதீர்கள், புரட்டாதீர்கள். புரட்டினால் உள்ளே உள்ள கரு செத்துப்போகலாம். பக்கத்திலும் போகாதீர்கள். சாரை முட்டையா, தாய் காத்துக் கிடக்கும் நல்லபாம்பு முட்டையா என்பது முட்டையைப் பார்த்தால் தெரியாது. எட்ட நின்று படம் எடுத்து வனத்துறையினருக்கு அனுப்புங்கள். அவர்கள் வரும்வரை கோழிகளையும் மகனையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.